கை விறைக்குது, சீனியாலதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். சீனி வருத்தம் வந்து 16 வருஷம். 3 வருஷத்துக்கு முன் வலது மணிக்கட்டில் ஒரு சின்ன ஒப்பரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அளவு கொடுக்க முன்னம் கையை நீட்டி "இதைக் கொஞ்சம் பாருங்க அண்ணன்" என்கிறார்கள். நான் டொக்டர் இல்லை. டொக்டர்மார் எனக்குச் சொன்னதும், மறுகா நான் தேடி வாசித்ததும், என் கையே எனக்குப் படிப்பித்ததும்தான் இங்கே இருக்கு. திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

எனக்குச் சீனி இருக்கு, கை விறைக்குது. இது சீனியாலதானே?

இருக்கலாம். ஆனால் நான் திருப்பிக் கேட்பது கையைப் பற்றி இல்லை. கால் எப்படி இருக்கு?

சீனி நரம்பைக் கெடுக்கும்போது மிக நீளமான நரம்பின் நுனியில்தான் தொடங்கும். நாரியில் இருந்து கால் பெருவிரல் வரை போகிற நரம்பு ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். அவ்வளவு தூரத்துக்கும் வேண்டியதை முள்ளந்தண்டுப் பக்கத்தில் இருக்கிற ஒரு கலம்தான் அனுப்பிக்கொண்டிருக்க வேணும், அதோடு நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகிற மயிரளவு குழாய்களையும் சீனி பழுதாக்கிவிடுகிறது. வாய்க்காலின் கடைசி வயலுக்குத்தான் முதலில் தண்ணி வராமல் போகும் என்பது படுவான்கரையில் வயல் செய்கிற எல்லாருக்கும் தெரியும், இதுவும் அந்தக் கணக்குத்தான். முதலில் கால் விரல் நுனி, பிறகு பாதம், பிறகு கணுக்கால் என்று மெல்ல மெல்ல ஏறி, முழங்கால் கிட்ட வரும்போதுதான் கை விரல் நுனியில் தொடங்கும். காலுறையும் கையுறையும் போட்ட மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே அளவாக.

அதனால் கால் சில வருஷமாகவே எரிவும் விறைப்புமாக இருந்து, இப்போது இரண்டு கை நுனியிலும் எறும்பு ஊருகிறது என்றால், ஓம், சீனி என்றே நினைக்கலாம். கால் நல்லபடி இருக்க, கை மட்டும் விறைக்கிறது, அதுவும் ஒரு கை மட்டும் என்றால், வேறு காரணம் தேட வேணும். சீனி இருக்கிறவருக்கு வேறு வருத்தம் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கால் சரியாக இருக்கா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் காலை நீட்டிப் படுங்கள். வீட்டில் ஒருவர் தன் சுட்டு விரலால் உங்கள் கால் பெருவிரல், நடுவிரல், சின்ன விரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஒரு வினாடி, பூப்போல தொட வேணும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்ததும் வலது அல்லது இடது என்று சொல்லுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து 6 இடம், அதில் 2 அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் கால் நரம்பு பழுதாகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு கிளினிக்கில் சொல்லுங்கள். இது நான் கண்டுபிடித்தது இல்லை, டொக்டர்மாரும் செய்கிற சோதனைதான். பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தால் கிச்சுகிச்சு மூட்டி விளையாட்டாக்கிவிடுவார்கள், பெரியவர் ஒருவரைப் பிடியுங்கள்.

கால் நல்லா இருக்கு. அப்போ கையில் என்னதான்?

எந்த விரல் என்று பாருங்கள். "கை முழுக்க" என்றுதான் எல்லாரும் சொல்வோம், நானும் அப்படித்தான் சொன்னேன். உற்றுப் பார்த்தால் அது முழுக் கையாக இராது.

பெருவிரல், சுட்டு விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவும் விறைத்து சின்ன விரல் மட்டும் தப்பியிருந்தால் பெரும்பாலும் கார்ப்பல் டனல். மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த பட்டிக்கும் நடுவில் ஒடுக்கமான சுரங்கம் ஒன்று இருக்கு, அதற்குள்ளால் 9 தசைநாரும் ஒரு நரம்பும் போகிறது. கொஞ்சம் வீங்கினாலும் நசிபடுவது நரம்புதான். பகலில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது, நடுச்சாமத்தில் எழுப்பிவிடும், கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டு உதறினால் குறையும். உதறுகிறீர்களா என்று மட்டும் கேட்டே பல டொக்டர்மார் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள். மோட்டார் சைக்கிள் ஓடும்போதும் போனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும்கூட வரும்.

எனக்கு வந்தது இதுதான். ஒன்றரை வருஷம் சீனி என்றே நினைத்து இழுத்தடித்தேன். கிளினிக்கில் ஒருமுறை சொன்னபோது, நூறு பேர் வரிசையில் நிற்க, "சீனிக்காரருக்கு அப்படித்தான்" என்று ஒரு வரியில் முடிந்தது. கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நானும் "கை விறைக்குது" என்ற ஒரே வரியைத்தான் சொன்னேன், அதுவும் உண்மை.

இதில் சீனிக்குப் பங்கே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கார்ப்பல் டனல் மற்றவர்களைவிடச் சீனி இருக்கிறவர்களுக்குக் கூடுதலாக வரும், பட்டியும் தசைநாரும் தடித்துப்போகும், ஏற்கெனவே நொந்த நரம்பு சீக்கிரம் நசிபடும். தைரொயிட் குறைவாகச் சுரக்கிறவர்கள், கர்ப்பிணிகள், மூட்டுவாதம் உள்ளவர்கள், கையை மடக்கி மடக்கி வேலை செய்கிறவர்கள், இவர்களுக்கும் வரும். நம்ம பக்கத்தில் அந்தக் கடைசிக் கூட்டம் பெரிது. மருதமுனையில் தறியில் இருக்கிறவர்கள், பாய் இழைக்கிற ராத்தாமார், கரைவலை இழுக்கிறவர்கள், விடிய 4 மணிக்கு எழும்பிக் கடைக்கு இடியப்பம் பிழிந்து கொடுக்கிற அக்காமார் எல்லாரும் மணிக்கட்டை வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

வீட்டில் பார்க்க வேணுமா? இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் வைத்திருங்கள். அந்த மூன்றரை விரலும் விறைத்தால் சந்தேகம் பலமாகிறது. விறைக்காவிட்டால் இல்லை என்று அர்த்தமும் இல்லை.

எனக்குச் சின்ன விரல்தான் விறைக்குது.

அது வேறு நரம்பு. சின்ன விரலும் மோதிர விரலில் மற்றப் பாதியும் என்றால், முழங்கையின் உட்பக்கமாகப் போகிற நரம்பு. கதிரைக் கையில் முழங்கை இடிபட்டால் சின்ன விரல் வரை கரண்ட் அடிக்குமே, அதே நரம்புதான். முழங்கையைக் கடை மேசையில் ஊன்றிக்கொண்டே இருக்கிறவர்கள், கையை மடக்கிப் போனைக் காதில் வைத்து மணிக்கணக்கில் வெளிநாட்டுப் பிள்ளையோடு கதைக்கிற அம்மாமார், கையை மடித்துத் தலைக்குக் கீழ் வைத்துத் தூங்குகிறவர்கள், இவர்களுக்கு வரும். சீனி இருந்தால் இன்னும் லேசாக வரும். பழக்கத்தை மாற்றினாலே பலருக்குக் குறையும். இரவில் முழங்கை மடங்காமல் இருக்க ஒரு துவாயைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம், இறுக்கமாக இல்லை.

இதில் பலம் போவதுதான் பயம். பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில், கைப் புறத்தில் இருக்கிற சதை வற்றிக் குழி விழுந்திருக்கா என்று பாருங்கள். ஒரு கடதாசியைப் பெருவிரலுக்கும் சுட்டு விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லி மற்றவர் இழுக்கட்டும். பெருவிரலின் நுனி மூட்டை மடக்கித்தான் பிடிக்க முடிகிறது என்றால் அந்த நரம்பின் சதைகள் தளர்ந்துவிட்டன. அப்படியென்றால் நாள் கடத்தக் கூடாது.

சின்ன விரல் விறைப்போடு தோலில் வெளிறின படை ஒன்றும் இருக்கு. சேர்த்துச் சொல்ல வேணுமா?

கட்டாயம் சொல்லுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, நானே கேள்வியாகப் போட்டிருக்கிறேன்.

மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு இருக்கிறது, தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்த இடம். அது பழைய கதை என்று நினைக்கிறோம். இலங்கையில் தொழுநோய் இன்னும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, நம்ம கிழக்கிலும்தான். அந்தக் கிருமிக்குப் பிடித்த நரம்புகளில் ஒன்று முழங்கையில் போகிற இதே நரம்பு. தோலில் வெளிறின அல்லது சிவந்த படை, அதில் தொட்டாலோ சுட்டாலோ உணர்வு இல்லை, சின்ன விரலும் மோதிர விரலும் மடங்கத் தொடங்குகிறது, இப்படி இருந்தால் தோல் கிளினிக்குக்குப் போங்கள். சீனியும் இருக்கிற ஒருவருக்கு "சீனி விறைப்பு" என்று இது தப்பிப் போகலாம், அதுதான் எனக்குப் பயம். மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து தொடங்கினால் மற்றவருக்குத் தொற்றுவது சீக்கிரம் நின்றுவிடும். யாரையும் தீவுக்கு அனுப்புகிற காலம் இல்லை இது. வெட்கப்பட்டு ஒளித்தால் மடங்கின விரல் நிமிராது, அவ்வளவுதான்.

விறைப்பைவிடப் பலம்தான் இல்லை. கோப்பை கையில் இருந்து விழுது. ஏன்?

"பலம் இல்லை" என்று நாலு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். பிடித்திருப்பது தெரியாததால் விழுகிறதா? சதை பலம் குறைந்ததால் விழுகிறதா? விரல் மடங்காமல் இறுகி நிற்கிறதா? நோவுக்குப் பயந்து நீங்களே விடுகிறீர்களா?

சீனி நரம்பு வருத்தம் பெரும்பாலும் உணர்வைத்தான் முதலில் எடுக்கும், கைப் பலத்தை எடுப்பது கடைசிக் காலத்தில். ஆகவே விறைப்பு கொஞ்சமாக இருக்க, பலம் மட்டும் மளமளவென்று இறங்கினால் சீனியை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். கார்ப்பல் டனல் முற்றினால் பெருவிரல் அடியில் இருக்கிற மேடு தட்டையாகும், பட்டன் போடுவது, சாவி திருப்புவது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் சண்டை பிடிக்கும். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த மேட்டை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழுத்தையும் மறக்க வேண்டாம். கழுத்து எலும்புத் தேய்மானத்தில் நரம்பு நசிபட்டால் தோளில் இருந்து கை வழியே இறங்குகிற குத்து வரும். அங்கே முள்ளந்தண்டுக்குள்ளால் போகிற பெரிய நரம்புத் தண்டே நசிபட்டால் இரண்டு கையும் தடுமாறும், எழுத்து மாறும், நடக்கும்போது கால் இழுபடும், சலம் அடக்க முடியாமல் போகும். இதெல்லாம் சேர்ந்து வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது.

விரல் இறுகி நிற்பது வேறு கதை. சீனி பல வருஷம் கூடி இருந்தால் தோலிலும் மூட்டைச் சுற்றியுள்ள நாரிலும் ஒட்டி அதைத் தடிப்பாக்கும். என் மச்சாள் ஒருவர் கோயிலில் கும்பிடும்போது உள்ளங்கை இரண்டும் சேரவே சேராது, நடுவில் ஒரு சின்ன முட்டை வைக்கலாம். வயதாகிவிட்டது என்று இருந்தார். நோவும் இல்லை, விறைப்பும் இல்லை, கை மட்டும் விரியாது. இதற்குக் குளிசை கிடையாது, சீனியைப் பிடித்து வைத்து நாளாந்தம் விரலை நீட்டிப் பயிற்சி செய்ய வேணும். காலையில் ஒரு விரல் மடங்கி நின்று, இழுத்தால் "டக்" என்று நிமிர்வது இன்னொன்று, அதுவும் சீனிக்காரருக்குக் கூடுதலாக வரும், ஊசியாலோ சின்ன ஒப்பரேஷனாலோ சரிவரும்.

சடுதியாக ஒரு கை பலம் இல்லாமல் போனால்?

இந்தப் பக்கத்தை மூடிவிட்டு 1990 அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. வாய் ஒரு பக்கம் கோணுதா, கை உயர்த்தினால் ஒன்று கீழே விழுதா, பேச்சு குழறுதா, ஒன்று இருந்தாலும் போதும். பாரிசவாதம் என்றால் இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேணும், எந்த நேரம் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கை நீவி எண்ணெய் போட்டு விடியும் வரை பார்ப்போம் என்பது வேண்டாம். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் போங்கள், அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

சீனி இறங்கினாலும் கை நடுங்குமே?

ஓம். ஆனால் அது நிமிஷக் கணக்கில் வந்து போவது. கை நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு, பசி, சிலருக்கு உதட்டைச் சுற்றி ஊசி குத்துகிற மாதிரி. சீனி பார்க்கிற மீற்றர் இருந்தால் பாருங்கள், 70க்குக் கீழ் என்றால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிஷத்தில் திரும்பப் பாருங்கள். மீற்றர் இல்லாவிட்டால் யோசிக்காமல் குடியுங்கள். இன்சுலினோ கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ எடுக்கிறவர்கள் நோன்பு தொடங்க முன்னமே டொக்டரிடம் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேட்க வேணும். பின்னேரம் கை நடுங்குது என்றால் நோன்பைத் திறப்பதுதான் சரி என்று மௌலவிமாரும் சொல்வார்கள்.

மெட்போமின் குளிசைதான் விறைப்பைக் கொண்டுவருது என்கிறார்களே?

பாதி உண்மை, அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு குளிசையை நிறுத்துகிறவர்கள் பலர். மெட்போமின் நரம்பை நேரே தொடுவதில்லை. பல வருஷம், கூடிய அளவில் எடுத்தால் சிலருக்குக் குடல் வழியே விற்றமின் பி12 உறிஞ்சுவது குறையும், பி12 குறைந்தால் நரம்பு பழுதாகும். அது காலில் தொடங்கலாம், கையிலும் காலிலும் ஒரே நேரத்தில் தொடங்கலாம், சீனி விறைப்பு மாதிரியே இருக்கும். வித்தியாசம் என்னவென்றால் இதற்கு மருந்து இருக்கு, நேரத்தோடு பிடித்தால் திரும்பும். வாயுக் குளிசை என்று நாம் வருஷக்கணக்கில் விழுங்கும் ஒமிப்ரசோலும் அதே பி12 ஐக் குறைக்கும், இரண்டையும் சேர்த்து எடுக்கிறவர்கள் கவனம்.

பி12 மரக்கறியில் இல்லை. மீன், கணவாய், மட்டி, இறைச்சி, முட்டை, பால், தயிர் இவற்றில்தான். களப்பு மீனும் எருமைத் தயிரும் கிடைக்கிற ஊரில் யாருக்குக் குறையப் போகுது என்று நானும் நினைத்தேன். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஒரு பக்கம், பல்லும் பசியும் இல்லாமல் தேத்தண்ணியும் பாணும் மட்டும் சாப்பிடுகிற வயது போனவர்கள் இன்னொரு பக்கம், குறைவதற்கு ஆள் இருக்கு. குளிசை 4, 5 வருஷமாக எடுக்கிறீர்கள், விறைப்பும் இருக்கு என்றால் பி12 இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். மெட்போமினை நீங்களாக நிறுத்தினால் சீனி ஏறும், சீனி ஏறினால் விறைப்பும் ஏறும்.

சரி, அப்போ பாமசியில் பி கொம்பிளெக்ஸ் வாங்கிக் குடித்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. அளவோடு என்றால் கெடுதி இல்லை. ஆனால் அதில் சிலவற்றில் பி6 கூடுதலாக இருக்கும், பி6 அளவுக்கு மிஞ்சி மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து விறைக்க வைக்கும். விறைப்புக்கு மருந்து குடித்து விறைப்பை வாங்குவது.

சீனியைக் குறைத்தால் விறைப்பு போகுமா?

உண்மையைச் சொன்னால், போன நரம்பு லேசில் திரும்பாது, ஆனால் மேலும் போவது மெதுவாகும். சின்ன வயதில் வருகிற முதலாம் வகைச் சீனியில் இதற்குப் பலமான ஆதாரம் இருக்கு: அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 1993இல் வந்தது, சீனியை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு நரம்பு வருத்தம் வருவது ஏறத்தாழ 60 வீதம் குறைந்தது. நம்மில் பெரும்பாலானோருக்கு இருக்கிற இரண்டாம் வகையில் பலன் இருக்கு, ஆனால் அவ்வளவு இல்லை. அதில் எடை, கொழுப்பு, பிரஷர், புகை, சாராயம் எல்லாம் சேர்ந்து நரம்பை இழுக்கிறது. கசிப்பு ஒன்றே போதும் நரம்பைக் கெடுக்க, அதோடு சீனியும் என்றால் இரண்டு பக்கத்தாலும் அடி.

எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரியைப் பொதுவாக 7 வீதத்துக்குக் கீழ் வைக்கச் சொல்வார்கள், வயது போனவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்துவார்கள். இன்னொன்று: பல வருஷம் 11, 12 என்று இருந்ததை மூன்று மாதத்தில் சடாரென்று இறக்கினால் சிலருக்கு எரிவும் குத்தும் புதிதாக வரும். இன்சுலின் தொடங்கினதால் வந்தது என்று ஊசியைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அது பெரும்பாலும் மாதக்கணக்கில் தானாகக் குறையும், எறியாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

விறைப்புக்குக் கொடுக்கிற குளிசைகள் என்ன செய்யும்?

பிரிகபலின், கபபென்டின், அமிற்றிப்டிலின், டுலொக்செற்றின், இவைதான் வழக்கம். எரிவு, குத்து, எறும்பு ஊருவது இவற்றைக் குறைக்கும். செத்த உணர்வைத் திருப்பித் தராது, பலத்தையும் தராது. இது தெரியாமல் "மூன்று மாதம் குடித்தும் கை பலம் வரவில்லை" என்று நொந்துகொள்கிறோம். தூக்கமும் தலைச்சுற்றும் வரும், அதனால் இரவில் குறைந்த அளவில் தொடங்குவார்கள், மறுநாள் காலை மோட்டார் சைக்கிள் எடுக்க முன்னம் யோசியுங்கள். அமிற்றிப்டிலின் வயது போன ஆண்களுக்குச் சலம் போவதைக் கஷ்டமாக்கும். எதையும் சடுதியாக நிறுத்தக் கூடாது.

கார்ப்பல் டனலுக்கு ஒப்பரேஷன் வேணுமா? சீனிக்காரருக்குப் புண் ஆறுமா?

எல்லாருக்கும் வேண்டாம். முதலில் மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டி, இரவில் போடுவது, குறைந்தது 6 கிழமை. மலிவு, தீங்கு இல்லை, ஆனால் போட்டுக்கொண்டு தூங்குவது முதல் மூன்று நாள் எரிச்சலாக இருக்கும். அதற்கும் குறையாவிட்டால் ஸ்டீரொயிட் ஊசி. பலருக்கு நல்ல சுகம், சிலருக்கு மாதக்கணக்கில் மட்டும். சீனிக்காரர் தெரிந்திருக்க வேண்டியது, அந்த ஊசி போட்டு சில நாளைக்குச் சீனி ஏறும். யாரும் சொல்லாததால் என் மீற்றரில் 300 கண்டு நான் பயந்தே போனேன்.

பெருவிரல் மேடு வற்றத் தொடங்கினாலோ, விறைப்பு நாள் முழுக்க நின்றாலோ மணிக்கட்டுக்குள் இருக்கிற அந்தத் தடித்த பட்டியை வெட்டிவிடுவதுதான் சரி. இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்வார்கள், எனக்கு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. சீனி உள்ளவர்களுக்கும் இதில் நல்ல சுகம் கிடைக்கும். புண் ஆறுவது சீனியைப் பொறுத்தது, அதனால் முதலில் சீனியை இறக்கிவிட்டு வரச் சொன்னார்கள். அன்று இரவே உதறாமல் தூங்கினேன். ஆனால் பெருவிரலின் பலம்? மேடு கொஞ்சம் வற்றின பிறகுதான் போனேன், அதனால் கனமான துணியைப் பெரிய கத்தரிக்கோலால் வெட்டும்போது இன்றைக்கும் மகன்தான் வெட்டித் தருகிறான். ஒன்றரை வருஷத்தின் விலை அது.

எண்ணெய், ஒத்தடம், பரியாரி?

எண்ணெய் போட்டு மெல்ல நீவுவதில் குற்றம் இல்லை, கொஞ்ச நேரச் சுகம். சுடுதண்ணியிலும் மணல் ஒத்தடத்திலும்தான் பிரச்சினை, விறைத்த கைக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். முழங்கையால் சூடு பார்த்த பிறகு வையுங்கள், அல்லது வேறொருவர் பார்க்கட்டும். பெயரில்லாத பொட்டலத்தில் தருகிற தூளை நான் தொட மாட்டேன், அவரவர் விருப்பம்.

கையில் சின்னக் காயம்தானே, அதற்கும் ஓட வேணுமா?

சீனிக்காரர் காலைப் பார்க்கச் சொல்லி எல்லா இடமும் படம் ஒட்டியிருக்கு. கையைப் பற்றி யாரும் ஒட்டுவதில்லை. சூடான நாடுகளில், அதுவும் கடலோர ஊர்களில், சீனிக்காரர் கையில் சின்னக் காயத்தில் தொடங்கி, சில நாளில் கை முழுக்கச் சீழ் பிடித்து விரலையோ கையையோ எடுக்கிற நிலைக்குப் போவதை டொக்டர்மார் தனிப் பெயர் வைத்தே எழுதியிருக்கிறார்கள், முதலில் ஆபிரிக்காவில் இருந்து. கெழுத்தி முள், இறால் கொம்பு, தாக்கத்தி, வயல் சேறு, உப்பும் நல்ல தண்ணியும் கலந்த களப்புத் தண்ணி, நமக்கு எதுவும் குறைவில்லை.

காயம் பட்டால் ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கின பிறகு வெட்டித்தான் எடுக்க வேணும். சிவப்பு பரவுது, வீங்குது, காய்ச்சல் அடிக்குது, சீனி காரணம் இல்லாமல் ஏறுது என்றால் அன்றைக்கே ஆசுபத்திரி. நோகவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுக்காதீர்கள், விறைத்த கை நோகாது. சட்டி இறக்கும்போது துணி, மீன் வெட்டும்போது தடித்த கையுறை, இவ்வளவும் போதும்.

வேலையை விட முடியாது. என்ன செய்யலாம்?

யாரால்தான் விட முடியும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையை விட்டு விரலை விரித்து மடக்குங்கள். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கிற மாதிரி மேசையின் உயரத்தை மாற்றுங்கள், நான் தையல் கதிரைக்குக் கீழ் இரண்டு பலகை வைத்தேன். மெல்லிய கைப்பிடிக்குத் துணி சுற்றித் தடிப்பாக்குங்கள். இடியப்பம் பிழிகிற அக்காவுக்கு மாவைக் கொஞ்சம் கூடுதல் சூட்டுத் தண்ணியில் இளக்கமாகக் குழைக்கச் சொன்னேன், இடியப்பம் குழைந்துபோகுது என்று ஏசினார். உரலை மாற்றித் திருகிப் பிழிகிற குழல் வாங்கியதில் திருப்திதான் என்கிறார்.

கிளினிக்கில் இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும். என்ன சொல்வது?

எழுதிக்கொண்டு போங்கள். எந்தக் கை, எந்த விரல்கள், எப்போது தொடங்கியது, இரவிலா பகலிலா, எதால் குறையும், கால் எப்படி, பலம் குறைந்ததா, என்னென்ன குளிசை எத்தனை வருஷமாக. அப்போதுதான் பி12, தைரொயிட், நரம்பில் கரண்ட் ஓடுகிற வேகம் பார்க்கிற சோதனை இவற்றில் எது வேணும் என்று அவர்களால் முடிவெடுக்க முடியும், தேவை என்றால் பெரிய ஆசுபத்திரிக்குக் கடிதமும் தருவார்கள். நான் கடைசியில் அளவுத் துண்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன்: "வலது கை. பெருவிரல் முதல் நடுவிரல் வரை. இரவு 2 மணி. உதறினால் குறையும். கால் சரி." அந்த இளம் டொக்டர் துண்டை வாசித்து முடித்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை, என் கையை இழுத்து மேசையில் வைத்து, மணிக்கட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்தினார். அரை நிமிஷம் ஆக முன்னம் மூன்று விரலும் விறைத்துவிட்டன.